60 வயதில் மகுடம், 93 வயதில் ஓட்டம்: பெண்களின் வயது வரம்பை எழுதியது யார்? - ஒரு விளக்கம்

புதுதில்லி: 28 வயதைக் கடந்த பெண்களுக்கு நெடுங்காலமாக அடைக்கப்பட்டிருந்த பிரபஞ்ச அழகிப் போட்டியின் கதவு, 2024-ஆம் ஆண்டு முதல் அனைத்து வயதினருக்கும் திறந்துவிடப்பட்டது. அந்த ஆண்டிலேயே அர்ஜென்டினாவில் 60 வயதுப் பெண் ஒருவர் மாகாண மகுடத்தைச் சூடினார். தென் கொரியாவில் 80 வயது மூதாட்டி ஒருவர் தேசிய இறுதிச் சுற்று மேடையில் நடந்து வந்தார்.

அழகும் தன்னம்பிக்கையும் வெற்றியும் வயதுக்குக் கட்டுப்பட்டவை அல்ல என்ற வாழ்த்து, ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 8-ஆம் தேதி சர்வதேச மகளிர் தினத்தன்று தவறாமல் ஒலிக்கிறது. ஆனால் அந்த இரு பெண்களையும் மேடைக்குக் கொண்டுவந்தது வாழ்த்து அல்ல. ஒரு விதியின் திருத்தம். பெண்களுக்கான வயது வரம்புகள் பல நேரங்களில் இயற்கையால் விதிக்கப்பட்டவை அல்ல, நிறுவனங்களால் எழுதப்பட்டவை. எழுதப்பட்டதைத் திருத்தவும் முடியும். அவ்வாறு திருத்தப்பட்ட இடங்களில் என்ன நடந்தது, திருத்தப்படாத இடங்களில் நிலைமை என்ன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

விதி எவ்வாறு மாறியது?

பிரபஞ்ச அழகிப் போட்டியில் பங்கேற்க 18 முதல் 28 வயதுக்குள் இருக்க வேண்டும், திருமணமாகியிருக்கக் கூடாது, தாயாக இருக்கக் கூடாது என்ற நிபந்தனைகள் நீண்டகாலம் நடைமுறையில் இருந்தன. இவற்றில் திருமணம், தாய்மை தொடர்பான தடைகள் 2023-ஆம் ஆண்டு முதல் நீக்கப்பட்டன.

அதே ஆண்டு செப்டம்பர் மாதம், வயது உச்சவரம்பும் நீக்கப்படுவதாக அப்போதைய பிரபஞ்ச அழகி ஆர்போனி கேப்ரியல் நியூயார்க்கில் அறிவித்தார். அமெரிக்காவைச் சேர்ந்த இவர் மகுடம் சூடியபோது அவருக்கு வயது 28. அதாவது, பழைய விதி அனுமதித்த கடைசி வயதில் வென்றவரே அந்த விதியின் முடிவையும் அறிவித்தார்.

இந்த வரம்பு எங்கிருந்து வந்தது என்பதைப் புரிந்துகொள்ளப் போட்டியின் தோற்றத்தைப் பார்க்க வேண்டும். 1952-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணம் லாங் பீச் நகரில், நீச்சல் உடை தயாரிக்கும் நிறுவனம் ஒன்று இப்போட்டியைத் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டுக்கான மிஸ் அமெரிக்கா மகுடம் வென்ற யோலாண்ட் பெட்பீஸ், நீச்சல் உடையில் விளம்பரப் படங்களுக்கு நிற்க மறுத்ததே அந்நிறுவனம் தனிப் போட்டி தொடங்கக் காரணமாயிற்று. எனவே, அழகு குறித்த இலக்கணத்தைவிட விற்பனைக்கான தேவையே இப்போட்டியின் பிறப்பில் முன்நின்றது.

முதல் இந்தியப் போட்டியாளர் ஒரு தாய்

இதில் இந்தியர்கள் பலரும் அறியாத ஒரு செய்தி உண்டு. 1952-ஆம் ஆண்டு நடைபெற்ற முதல் பிரபஞ்ச அழகிப் போட்டியில் இந்தியாவின் சார்பில் பங்கேற்றவர் இந்திராணி ரஹ்மான். சென்னையில் பிறந்தவர், பரதநாட்டியம், ஒடிசி, குச்சிப்புடி ஆகிய நடனங்களை உலக மேடைகளுக்குக் கொண்டுசென்ற கலைஞர். அப்போட்டியில் கலந்துகொண்டபோது அவர் திருமணமானவர், ஒரு குழந்தைக்குத் தாய்.

தொடக்கத்தில் ஒரு தாய் ஏறிய மேடையைப் பின்னாளில் தாய்மார்களுக்கு மூடியது விதிகள்தாம். 71 ஆண்டுகளுக்குப் பிறகு அந்தத் தடை நீக்கப்பட்டதை முன்னேற்றம் என்று சொல்வதைவிட, தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வந்தது என்று சொல்வதே பொருத்தம்.

இந்தியாவுக்கு இதுவரை மூன்று பிரபஞ்ச அழகி மகுடங்கள் கிடைத்துள்ளன. 1994-ஆம் ஆண்டு வென்ற சுஷ்மிதா சென்னுக்கு அப்போது வயது 18. 2000-ஆம் ஆண்டு லாரா தத்தாவும், 2021-ஆம் ஆண்டு ஹர்னாஸ் சந்துவும் இருபதுகளின் தொடக்கத்திலேயே வென்றனர்.

கதவு திறந்த பின் நடந்தது என்ன?

2024-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸ் மாகாண அழகியாக அலெஜாண்ட்ரா மரிசா ரோட்ரிகஸ் தேர்வு செய்யப்பட்டார். வழக்கறிஞரும் பத்திரிகையாளருமான அவருக்கு அப்போது வயது 60. இந்தச் செய்தி உலகெங்கும் பேசப்பட்டது. அடுத்த மாதம் நடைபெற்ற தேசியப் போட்டியில் அவருக்கு மகுடம் கிடைக்கவில்லை. எனினும் சிறந்த முகத்துக்கான சிறப்பு விருதை அவர் பெற்றார்.

தென் கொரியாவின் சோய் சூன்-ஹ்வா, மருத்துவமனையில் நோயாளிகளைப் பராமரிக்கும் பணியில் இருந்தவர். மாடலிங் செய்யலாமே என்று நோயாளி ஒருவர் கூறிய யோசனையை ஏற்று, 70 வயதைக் கடந்த பின் அத்துறையில் நுழைந்தார். 2024 செப்டம்பர் 30-ஆம் தேதி சியோல் நகரில் நடைபெற்ற இறுதிச் சுற்றில் பங்கேற்ற அவருக்குச் சிறந்த உடையலங்காரத்துக்கான விருது வழங்கப்பட்டது.

அதே ஆண்டு நவம்பரில் மெக்சிகோவில் நடைபெற்ற உலக இறுதிப் போட்டியில், மால்டா நாட்டின் சார்பில் 40 வயதான பியட்ரிஸ் நிஜோயா களமிறங்கினார். இவர் மூன்று குழந்தைகளின் தாய். மகுடத்தை வென்றவர் டென்மார்க்கின் விக்டோரியா கியார் தெயில்விக். அவருக்கு வயது 21.

இந்த முடிவுகள் ஒன்றைத் தெளிவாக உணர்த்துகின்றன. நுழைவு விதி மாறியிருக்கிறது. ஆனால், எது அழகு என்று அளக்கும் கோல் இன்னும் பழைய இடத்திலேயே இருக்கிறது. மூத்த பெண்களுக்குச் சிறப்பு விருதும் கைதட்டலும் கிடைத்தன. மகுடம் இருபதுகளிலேயே தங்கியது. விதியை நீக்குவது முதல் படி மட்டுமே என்பதற்கு இது சான்று.

வானில் 35 வயது: உச்ச நீதிமன்றம் கூறியது

அழகிப் போட்டியில் இழப்பது ஒரு மகுடம் மட்டுமே. வேலையில் வயது வரம்பு என்றால் இழப்பது வாழ்வாதாரம். இதற்கு இந்தியாவின் முக்கியமான எடுத்துக்காட்டு, 1981-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஏர் இந்தியா - நர்கேஷ் மீர்சா வழக்கு.

அன்றைய விதிகளின்படி, ஏர் இந்தியாவின் விமானப் பணிப்பெண் 35 வயதை எட்டினாலோ, பணியில் சேர்ந்த நான்கு ஆண்டுகளுக்குள் திருமணம் செய்தாலோ, முதன்முறையாகக் கருவுற்றாலோ, இவற்றில் எது முதலில் நேர்கிறதோ அப்போது பணியிலிருந்து விலக வேண்டும். 35 வயதுக்குப் பிறகு பணி நீட்டிப்பு வழங்குவது நிர்வாக இயக்குநரின் விருப்பத்தைப் பொறுத்தது. அதே விமானத்தில் பணியாற்றிய ஆண் பணியாளர்களோ 58 வயது வரை பணியில் நீடிக்கலாம்.

இளமையும் தோற்றப் பொலிவும் உள்ள பணிப்பெண்களே பயணிகளைத் திறம்படக் கையாள முடியும் என்ற வாதம் நீதிமன்றத்தில் முன்வைக்கப்பட்டது. அவ்வாறு பொதுமைப்படுத்த முடியாது என்று நீதிபதிகள் கூறினர். வயதில் மூத்தவர்கள் முதிர்ச்சியுடன் நடந்துகொள்வார்கள். பணிக்காலத்தில் பெற்ற அனுபவத்தைக் கொண்டு பயணிகளின் சிக்கல்களைத் தீர்த்துவைக்கவும் அவர்களால் முடியும் என்றும் அவர்கள் சுட்டிக்காட்டினர்.

முதல் கருவுறுதலுக்காகப் பணிநீக்கம் செய்யும் விதியை நீதிமன்றம் ரத்து செய்தது. அது இந்தியப் பெண்மைக்கு இழைக்கப்படும் அவமதிப்பு என்று கடுமையாகக் கண்டித்தது. பணி நீட்டிப்பைத் தனியொரு அதிகாரியின் விருப்பத்துக்கு விட்டுவைத்த விதியும் நீக்கப்பட்டது.

எனினும் அந்தத் தீர்ப்பு முழுமையான வெற்றி அன்று. நான்கு ஆண்டுகளுக்குத் திருமணத் தடை என்ற விதியை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆண், பெண் பணியாளர்கள் வெவ்வேறு பணிப்பிரிவினர் என்பதால் ஓய்வு வயது வேறுபடுவது பாலினப் பாகுபாடு ஆகாது என்றும் கூறியது. விமானப் பணிப்பெண்கள் எந்த வயது வரை பறக்கலாம் என்ற சர்ச்சை 2003-ஆம் ஆண்டிலும் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. ஒரு தலைமுறைப் பெண்கள் நீதிமன்றப் படியேறித்தான் தங்கள் வயதுக்கான இடத்தைக் கேட்க வேண்டியிருந்தது.

எழுதப்படாத விதி: திரைத்துறை

எழுதப்பட்ட விதியை எதிர்த்து வழக்குத் தொடுக்கலாம். எழுதப்படாத விதியை எங்கே சென்று எதிர்ப்பது? இந்தித் திரையுலகம் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

உத்தரப் பிரதேச மாநிலம் பாக்பத் மாவட்டத்தின் ஜோஹ்ரி கிராமத்தில், 60 வயதைக் கடந்த பின் துப்பாக்கி சுடக் கற்றுப் பதக்கங்களைக் குவித்தவர்கள் சந்திரோ தோமர், பிரகாஷி தோமர் ஆகியோர். இவர்களின் வாழ்க்கையை மையமாகக் கொண்டு 2019-ஆம் ஆண்டு 'சாண்ட் கி ஆங்க்' என்ற இந்தித் திரைப்படம் வெளியானது. அதில் இந்த மூதாட்டிகளாக நடித்தவர்கள், அப்போது முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்த தாப்சியும் பூமி பெட்னேகரும்.

எங்கள் வயதுக்குரிய வேடங்களையாவது எங்களுக்குக் கொடுங்கள் என்ற பொருளில் மூத்த நடிகை நீனா குப்தா அப்போது சமூக வலைதளத்தில் பதிவிட்டார். வயதை வென்ற பெண்களைக் கொண்டாட எடுக்கப்பட்ட படத்திலேயே, வயதான நடிகையருக்கு இடமில்லாமல் போனது என்பதே அவரது ஆதங்கத்தின் சாரம். இளம் நடிகையர் இருவரும் அப்படத்துக்காக ஃபிலிம்ஃபேர் விமர்சகர் விருதைப் பகிர்ந்துகொண்டனர்.

நீனா குப்தாவின் சொந்த அனுபவமும் கவனிக்கத்தக்கது. 2017-ஆம் ஆண்டு, தாம் ஒரு நல்ல நடிகை என்றும் நல்ல வேடங்களைத் தேடுவதாகவும் இன்ஸ்டாகிராமில் வெளிப்படையாக வேலை கேட்டார். அடுத்த ஆண்டு வெளியான 'பதாய் ஹோ' திரைப்படத்தில், வளர்ந்த பிள்ளைகள் இருக்கும் நிலையில் மீண்டும் கருவுறும் நடுத்தர வயதுப் பெண்ணாக நடித்துப் பெரும் பாராட்டைப் பெற்றார். 2024-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட 70-ஆவது தேசிய திரைப்பட விருதுகளில், 'ஊஞ்சாய்' படத்துக்காகச் சிறந்த துணை நடிகை விருது அவருக்குக் கிடைத்தது. திறமை 2017-க்கு முன்பும் அவரிடம் இருந்தது, இல்லாதிருந்தது வேடம்.

எழுபதுகளின் முன்னணி நடிகை ஜீனத் அமன், 2023-ஆம் ஆண்டு 71 வயதில் இன்ஸ்டாகிராமில் இணைந்தார். நரைத்த தலைமுடியைச் சாயம் பூசி மறைக்காமல் அவர் வெளியிட்ட படங்கள், இளம் தலைமுறையினரிடையே அவருக்குப் புதிய ரசிகர் வட்டத்தை உருவாக்கின. தயாரிப்பாளரின் தயவின்றித் தாமே திறந்துகொள்ளும் வாசலாகச் சமூக வலைதளம் அவருக்கு அமைந்தது.

வயதைத் தடையாக்காமல் பிரிவாக்கிய விளையாட்டு

வயதைக் கையாள மூன்றாவது வழியும் உண்டு என்பதை மூத்தோர் தடகளம் காட்டுகிறது. இதில் 35 வயதைக் கடந்தவர்கள் பங்கேற்கலாம். ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு பிரிவு எனப் போட்டியாளர்கள் வகைப்படுத்தப்படுகின்றனர். 90 வயதுப் பெண் 40 வயதுப் பெண்ணுடன் மோத வேண்டியதில்லை. இங்கே வயது யாரையும் வெளியே நிறுத்துவதில்லை. யாருடன் போட்டியிடுவது என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது.

இந்த ஏற்பாடு இல்லாதிருந்தால் மான் கௌர் என்ற பெயரை உலகம் அறிந்திருக்காது. 1916-ஆம் ஆண்டு பிறந்த இவர், மகன் குருதேவ் சிங் அளித்த ஊக்கத்தால் 93 வயதில் ஓடத் தொடங்கினார். 2017-ஆம் ஆண்டு நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் நடைபெற்ற உலக மூத்தோர் விளையாட்டுப் போட்டியில், 101 வயதில் 100 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். அந்த வயதுப் பிரிவில் ஓடியவர் அவர் ஒருவரே. ஓடி முடித்ததும் மைதானத்திலேயே ஆடி மகிழ்ந்தார். 2021-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 105 வயதில் காலமானார்.

2022-ஆம் ஆண்டு ஃபின்லாந்தின் தாம்பெரே நகரில் நடைபெற்ற உலக மூத்தோர் தடகளப் போட்டியில், இந்தியாவின் 94 வயதான பகவானி தேவி 100 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். குண்டு எறிதலிலும் வட்டு எறிதலிலும் வெண்கலப் பதக்கங்களையும் கைப்பற்றினார்.

கல்வியிலும் இத்தகைய திறந்த ஏற்பாடு பலன் தந்துள்ளது. கேரள மாநில எழுத்தறிவு இயக்கத்தின் தேர்வுக்கு வயது வரம்பு இல்லை. 2018-ஆம் ஆண்டு அத்தேர்வை எழுதிய ஆலப்புழை மாவட்டத்தின் கார்த்தியாயினி அம்மா, 96 வயதில் 100-க்கு 98 மதிப்பெண்கள் பெற்றார். மான் கௌருக்கும் கார்த்தியாயினி அம்மாவுக்கும் 2020-ஆம் ஆண்டு மகளிர் தினத்தன்று, அப்போதைய குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் நாரி சக்தி விருது வழங்கிக் கௌரவித்தார்.

சட்டம் என்ன சொல்கிறது?

அரசமைப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு மதம், இனம், சாதி, பாலினம், பிறப்பிடம் ஆகியவற்றின் அடிப்படையில் குடிமக்களிடையே அரசு பாகுபாடு காட்டுவதைத் தடை செய்கிறது. இந்தப் பட்டியலில் வயது இடம்பெறவில்லை. எனவே வயது வரம்பு நியாயமற்றது என்று வாதிடுவோர், சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்னும் 14-ஆவது பிரிவையே பெரிதும் நாட வேண்டியுள்ளது. கருவுற்றால் பணிநீக்கம் என்ற விதி 1981-இல் வீழ்ந்ததும் அந்தப் பிரிவின் அடிப்படையில்தான்.

பெண்களின் பணிவாழ்க்கை இடைவெளிகள் நிறைந்தது என்பதை அரசு விதிகள் சில இடங்களில் ஏற்றுக்கொண்டுள்ளன. மத்திய அரசின் குரூப் சி பணியிடங்களுக்கு, கணவரை இழந்தோர், விவாகரத்துப் பெற்றோர், நீதிமன்றத்தின் வழியே பிரிந்து வாழ்ந்து மறுமணம் செய்யாதோர் ஆகிய பெண்களுக்கு 35 வயது வரையிலும், அவர்களில் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 40 வயது வரையிலும் தளர்வு உண்டு. குடும்பக் காரணங்களால் ஆய்வுப் பணியை நிறுத்திய பெண் விஞ்ஞானிகள் மீண்டும் ஆய்வுக்குத் திரும்ப, மத்திய அறிவியல் மற்றும் தொழில்நுட்பத் துறை உதவித்தொகை வழங்குகிறது.

ஆனால் இத்தகைய தளர்வுகளின் வரையறைக்குள் வராத பெண்களே பெரும்பான்மையினர். கணவருடன் வாழ்ந்து, பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய பின் 40 வயதில் வேலை தேடும் பெண்ணுக்கு மேற்கண்ட வயதுத் தளர்வு பொருந்தாது.

50-ஐ நெருங்கியபோது ஒரு தொடக்கம்

பிறர் எழுதிய விதிக்குக் காத்திராமல், சொந்தமாகத் தொழில் தொடங்கியவர்களும் உண்டு. முதலீட்டு வங்கித் துறையில் உயர் பதவி வகித்த ஃபல்குனி நாயர், 2012-ஆம் ஆண்டு அழகு சாதனப் பொருள்களை இணையத்தில் விற்கும் நைக்கா நிறுவனத்தைத் தொடங்கினார். அப்போது அவர் 50 வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். நாயகி என்னும் பொருள் தரும் சமஸ்கிருதச் சொல்லிலிருந்து எடுக்கப்பட்டதே அந்நிறுவனத்தின் பெயர். 2021-ஆம் ஆண்டு நவம்பரில் நிறுவனப் பங்குகள் சந்தையில் பட்டியலிடப்பட்டபோது, சொந்த முயற்சியால் உயர்ந்த இந்தியப் பெண்களில் பெரும் செல்வந்தராக அவர் அறியப்பட்டார்.

இருப்பினும் அவரது முன் அனுபவம், சேமிப்பு, தொடர்புகள் ஆகியவை எல்லாப் பெண்களுக்கும் வாய்ப்பதில்லை என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

அழகு சாதனச் சந்தைக்கு மற்றொரு முகமும் உண்டு. எந்த வயதிலும் நீங்கள் அழகு என்று வாழ்த்தும் அதே விளம்பரப் பக்கத்தில், முதுமையைத் தடுக்கும் களிம்பும் விற்கப்படுகிறது. இந்த முரண்பாட்டை உணர்ந்த அமெரிக்காவின் 'அல்யூர்' இதழ், முதுமையைத் தடுக்கும் என்ற சொல்லாட்சியை இனிப் பயன்படுத்துவதில்லை என்று 2017-ஆம் ஆண்டு அறிவித்தது. அந்த இதழின் அட்டையை அலங்கரித்தவர் 72 வயதான நடிகை ஹெலன் மிர்ரன்.

வீட்டுக்குள் இருக்கும் வரம்பு

நிறுவனமும் சட்டமும் விதிக்காத ஒரு வரம்பு வீட்டுக்குள் இருக்கிறது. இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்ற கேள்வியே அது.

ஜோஹ்ரி கிராமத்தின் சந்திரோ தோமர், தம் பேத்திக்குத் துணையாகவே உள்ளூர்த் துப்பாக்கி சுடும் பயிற்சி மையத்துக்கு முதலில் சென்றார். அங்கே தற்செயலாகத் துப்பாக்கியை எடுத்துச் சுட்டபோது, குறி தப்பவில்லை. குடும்பத்து ஆண்களுக்குத் தெரியாமல் பயிற்சி தொடர்ந்தது. நீட்டிய கை நடுங்காமலிருக்க, தண்ணீர் நிரம்பிய குவளையைப் பிடித்தபடி நின்று பழகினார். அவரைத் தொடர்ந்து, அதே குடும்பத்தின் மருமகளான பிரகாஷியும் துப்பாக்கி ஏந்தினார். மூத்தோர் பிரிவுப் போட்டிகளில் இருவரும் பதக்கங்களை வென்றனர்.

கொரோனா தொற்றால் பாதிக்கப்பட்ட சந்திரோ, 2021-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் தேதி காலமானார். நொய்டாவில் உள்ள துப்பாக்கி சுடும் மைதானத்துக்கு உத்தரப் பிரதேச அரசு அவரது பெயரைச் சூட்டியது.

அவர்கள் திறந்த வாசல் அவர்களோடு மூடப்படவில்லை. பிரகாஷியின் மகள் சீமா தோமர், 2010-ஆம் ஆண்டு உலகக் கோப்பைப் போட்டியில் டிராப் பிரிவில் வெள்ளி வென்றார். உலகக் கோப்பை ஷாட்கன் போட்டியில் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண் அவரே. சந்திரோ துணைக்குச் சென்ற பேத்தி ஷெஃபாலியும் சர்வதேசப் போட்டிகள் வரை முன்னேறினார். பாட்டிகள் துப்பாக்கி ஏந்திய பின், இந்த வயதில் எதற்கு என்ற கேள்வியை அந்த வீட்டின் இளம்பெண்களிடம் கேட்பது எவருக்கும் எளிதாக இருந்திருக்காது.